ஒரு கோட்டு, பல அப்பாக்கள்

படம் பிடிக்கிற கடையில் வேலை பார்ப்பவன் ஊரில் உள்ள குடும்பங்களையெல்லாம் ஈரத்தோடு நூலில் தொங்கவிட்டுக் காயவைப்பான். அந்த நூலில் அவன் குடும்பத்துக்கு மட்டும் இடம் இருக்காது.

கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில், மடித்த வேட்டிக்குள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, தினம் எடுத்துப் பார்த்தால் தேய்ந்துவிடுமோ என்று வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தவர்கள்தானே நீங்கள்? நான் அந்தப் படங்களைச் செய்துகொடுத்தவன். ஜப்பான்காரன் காலம் முழுவதும் மலாயாவில், ஜொகூர் பாருவில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். சண்டை முடிந்து ஊர் திரும்பி, இப்போது நாற்பத்தெட்டு வயதாகிறது. அந்த நாட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பசியைச் சொல்வார்கள், பயத்தைச் சொல்வார்கள். எனக்கு அவை இரண்டும் இருந்தன. ஆனால் அவற்றைவிட அதிகமாக இருந்தது பொறாமை. அதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

ஸ்டூடியோ கோட்டு

முதலாளி ராவுத்தர் நாகூர்ப் பக்கத்துக்காரர். காமிரா அவர் பொறுப்பு. பூச்சு வேலை என் பொறுப்பு. நெகட்டிவில் பென்சில் பிடித்து அம்மைத் தழும்பை மறைப்பேன், ஒட்டிய கன்னத்தை உப்ப வைப்பேன், தூங்கும் கண்ணைத் திறந்துவிடுவேன். தமிழும் இங்கிலீஷும் படித்தவன் என்று காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஜொகூரில் ரெங்கம் என்ற ஊரின் எஸ்டேட் ஒன்றுக்கு, ஆட்கணக்கு எழுதும் கிராணி வேலைக்கு வந்தவன் நான். ஆட்களை அதட்ட வரவில்லை என்று ஆறே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது, கை நடுங்காது என்று ராவுத்தர் சேர்த்துக்கொண்டார்.

கடையில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. யாரோ குண்டான வக்கீல் விட்டுப் போனது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், மாட்டு வண்டி ஓட்டுகிறவர், சாப்பாட்டுக் கடையில் இலை போடுகிறவர் என்று யார் வந்தாலும் அதை மாட்டிவிட்டு, முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவோம். முன்னால் பார்த்தால் கனவான். பின்னால் பார்த்தால் கொடியில் காயும் துணி. சண்டைக்கு முன்னால் ஒருநாள், சேலத்துக்குப் படம் அனுப்ப வந்த வண்டிக்காரர் ஒருவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: "நல்லாருக்கேன்னு ஊர்ல நம்பணும், பாய். ஆனா ரொம்ப நல்லாருக்கேன்னு நம்பி, மச்சான்மாரெல்லாம் அடுத்த கப்பல்ல வந்து எறங்கிடக் கூடாது. அந்த மாதிரிப் பார்த்து எடுங்க."

காலி நாற்காலி

என் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கப்பலேறியபோது என் மனைவி சிவகாமிக்கு ஐந்து மாதம். "பெண் பிறந்திருக்கிறது. வள்ளி என்று பெயர். உங்கள் சாடை" என்று ஒரு கடிதம் வந்தது. படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பதில் போட்டேன். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். இந்தியா அவனுக்கு எதிரி ஆளுகிற தேசம்; தபால் நின்றது. என் சாடையில் ஒரு முகம் எங்கோ வளர்கிறது, அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆள் இல்லாத நேரத்தில் கடைக் கண்ணாடி முன் நின்று, மீசையை இரண்டு விரலால் மறைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் கண்ணெதிரே கடவுள் மரியானோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். மணிலாக்காரர்; ஜொகூர் ராஜாவின் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். அந்தக் காலத்து மலாயாவில் எங்கே நாலு பேர் சேர்ந்து இங்கிலீஷ் வாத்தியம் வாசித்தாலும் அதில் மூன்று பேர் அவர் ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அவரும் இரண்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்தான். ஆனால் அவர் மனைவியிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருஷா வருஷம் அவர்கள் ஊர் மாதாகோயில் திருவிழா அன்று குழந்தை லீத்தாவைத் தூக்கிக்கொண்டு அங்குள்ள ஸ்டூடியோவுக்குப் போவார். பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போடச் சொல்லிப் படம் எடுத்து இங்கே அனுப்புவார். நாங்கள் மரியானோவுக்குக் கோட்டை மாட்டி, அதே கோணத்தில் உட்காரவைத்து எடுத்து, உருவத்தை மட்டும் கத்தரித்து அந்த நாற்காலியில் ஒட்டி, ஓரங்களை மையால் சரிக்கட்டி, மறுபடி ஒரு படம் பிடிப்போம். அது மணிலாவுக்குத் திரும்பிப் போய்ச் சுவரில் ஏறும்.

மணிலாவையும் ஜப்பான்காரனே பிடித்துக்கொண்டதால் அவருக்கு வழி அடைபடவில்லை. ஒரே எஜமானனின் நாடுகளுக்குள் தபால் அட்டை போனது, வந்தது. கப்பல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் வேலை பார்த்த அவர் ஊர்க்காரர் ஒருவர் படங்களைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். ஜப்பான்காரன் பிடித்த பிறகு வந்த முதல் படத்தை ஒட்டி முடித்துக் கொடுத்தேன். மரியானோ பாதி இங்கிலீஷும் பாதி மலாயுமாகப் பேசுவார்; தமிழில் சொல்கிறேன். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்தன்னிக்குக்கூட அவ பக்கத்துல இவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்ததில்ல, செல்லையா."

ஆறு பேருக்கு ஒரு தகடு

நடமாட பாஸ், வேலைக்கு பாஸ், பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போக பாஸ் என்று எல்லாவற்றுக்கும் ஜப்பான்காரர்கள் முகப் படம் கேட்டார்கள். படம் பிடிக்கிற கண்ணாடித் தகடோ, கழுவுகிற மருந்தோ கிடைக்கவில்லை. ராவுத்தர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறு பேரைத் தோளோடு தோளாக நிறுத்தி ஒரே தகட்டில் எடுத்துவிடுவார். அச்சான படத்தை நான் கத்தரிக்கோலால் ஆறாக வெட்டுவேன். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்று, வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ஒருநாள் ரெங்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். கிராணியாக இருந்த காலத்தில் எனக்குத் தெரிந்தவர்கள். புருஷனை சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆளாக எடுத்திருந்தார்கள். அவனுக்கு ஒரு படம், அவளுக்கு ஒரு படம். ஆறு பேர் வரிசையில் அவர்கள் மட்டும் கொஞ்சம் அதிகமாக ஒட்டி நின்றிருக்கிறார்கள். நேராக வெட்டியபோது அவளுடைய சேலைத் தோளில் ஒரு விரற்கடை அவன் படத்தோடு போய்விட்டது. அழகாக இல்லையே என்று கத்தரிக்கோலை மறுபடி எடுத்தேன். போகிற இடத்திலிருந்து திரும்புவானா என்று யாருக்கும் தெரியாத ஒருவனைப் பார்த்து அந்த நிமிஷம் நான் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? அந்தப் பெண் என் கையைத் தடுத்துச் சொன்ன வார்த்தைதான் காரணம்: "அதைச் சீவிடாதீங்க, கிராணி ஐயா. அந்தக் கொஞ்சமாவது அவரோட சயாம் வரைக்கும் போகட்டும்."

எந்த நாட்டு ஆள்?

பாஸ் மனுவை எழுதிக்கொடுப்பதும் என் வேலை. அதில் நாடு என்று ஓர் இடம் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு நான் கேட்காமலே இந்தியா என்று எழுதிவிடுவேன். மரியானோவிடம் வந்ததும் பேனா நின்றுவிடும். அவர் நாடு அதுவரை அமெரிக்காவின் ஆட்சியில் இருந்ததால், ஜப்பான்காரன் வந்த புதிதில் அவரை அமெரிக்கப் பிரஜை என்று கூப்பிட்டுக் கொண்டுபோய் இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்தார்கள். அப்புறம் ஆசியச் சகோதரன் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் உன் நாடு சுதந்திர நாடாகிவிட்டது, சந்தோஷப்படு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய மனுவைக் கிழித்துப் புது மனு எழுதினேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் பெயர் ஸ்பெயின்காரன் வைத்தது, படிப்பு அமெரிக்காக்காரன் கொடுத்தது, உடுப்பு ஜொகூர் ராஜா கொடுத்தது. இப்போது சுதந்திரத்தையும் ஒருவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான்! அது என்ன சுதந்திரம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பொறாமை பிடித்தவனுக்குப் பொய்ச் சரிகையும் பளபளக்கும். இங்கிலீஷ் ராஜா பாட்டு, ஜொகூர்ப் பாட்டு, ஜப்பான் பாட்டு எல்லாம் மரியானோவுக்குத் தாள் பார்க்காமல் வாசிக்க வரும். சொந்த ஊர்ப் பாட்டை வாசி என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க, எந்த நாடுன்னு எழுத? வெளியே ஆள் நிக்குது," என்று அன்றைக்குக் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என் பெண்டாட்டி எனக்குன்னு நாற்காலி போட்டு வச்சிருக்கிற ஊர் எதுவோ, அதை எழுது."

காலில் வருகிற ஞாபகம்

கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் இந்திய விடுதலைப் படை உடுப்போடு வந்து நின்றார். எங்கள் கோட்டை எடுத்து நீட்டிய ராவுத்தரைப் பார்த்து, அது தேவையில்லை என்று கையை ஆட்டினார். அந்த ஸ்டூடியோவில் கோட்டை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். முதுகில் ஒரு கிளிப்கூட இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோட்டத்தில் மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூனி நின்ற மனிதர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"படத்தை எங்கே அனுப்ப? இந்தியாவுக்குத் தபால் கிடையாதே," என்றேன். "அனுப்ப வேணாம். நான் பர்மா வழியா நடந்தே போயி எங்க ஆத்தா கையில கொடுத்துக்கிறேன்," என்றார். அசட்டுத்தனம் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, அசட்டுத்தனமாகவாவது இவன் போகிறானே என்று தோன்றியது. என்னையும் வரச் சொன்னார். கடையில் வேலை இருக்கிறது, முதலாளிக்குக் கண் சரியில்லை என்று ஏதேதோ சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்: "படிச்சவங்களுக்கு ஊர் ஞாபகம் தலையில வருது போல, அண்ணே. எங்களுக்கு காலுலதான் வருது."

அட்டை வந்த நாட்கள்

மரியானோவுக்கு அட்டை வந்தால் நேரே கடைக்கு வந்துவிடுவார். தணிக்கைக்காரன் படித்துவிட்டுத்தான் கொடுப்பான் என்பதால் நாலைந்து வரிக்கு மேல் இருக்காது. அந்த நாலைந்து வரியையும் எனக்கு வாசித்துக் காட்டுவார். வெளியே ஜப்பான் சிப்பாய் போனால் இங்கிலீஷை நிறுத்திவிட்டு மலாய்க்குத் தாவுவார். போனதும் திரும்ப இங்கிலீஷ். லீத்தாவுக்குப் பல் விழுந்தது. லீத்தா கோழிக்குஞ்சுக்குப் பெயர் வைத்தாள். லீத்தா சாப்பிடும்போது சுவரிலிருந்து படத்தை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.

நான் தலையாட்டுவேன். என் பெண்ணுக்குப் பல் முளைத்ததா, விழுந்ததா, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதன் தன் சந்தோஷத்தை இவ்வளவு கள்ளமில்லாமல் இன்னொருவன் மடியில் கொட்டும்போது அவனை அடிக்கவும் முடியாது. அவர் போனபிறகு ராவுத்தரிடம், "இந்த ஆளுக்கு என்ன, என்னைப் பார்த்தா பாதிரியார் மாதிரி இருக்கா? எல்லாத்தையும் இங்க வந்துதான் சொல்லணுமா?" என்று கத்திவிட்டேன். ராவுத்தர் மருந்துத் தொட்டியை ஆட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "அந்த ஆளு ஒன்னையத்தான் கூட்டாளின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு, தம்பி. நீ கூட்டாளி இல்லைன்னு இன்னும் அவர்கிட்ட சொல்லலையா?"

இரண்டு படங்கள்

ஜப்பான்காரன் வந்த மூன்றாவது வருஷம் கப்பல் எண்ணெய்க்காரர் ஒரு படம் கொண்டுவந்தார். லீத்தா வளர்ந்துவிட்டாள், மடியில் இல்லை, நிற்கிறாள். ஒரு கையை அந்தக் காலி நாற்காலியின் கைப்பிடியில் வைத்திருக்கிறாள். இதுவரை அப்படி வைத்ததில்லை. மரியானோ மரவள்ளிக்கிழங்கு தின்று பாதியாகியிருந்தார். "என் பழைய மூஞ்சியையே போடு. இளைச்சது அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்று கேட்டுக்கொண்டார். சண்டைக்கு முந்தி கோட்டோடு எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டி ஒட்டினேன். குழந்தையின் விரல்கள் கோட்டுக் கையின் மேல் படிந்த மாதிரி மையால் நிழல் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த ஒட்டுப் படம் அது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு காந்தியது.

வெளிச்சம் சரியா என்று பார்ப்பதற்காக ராவுத்தர் எப்போதோ எனக்குக் கோட்டை மாட்டி உட்காரவைத்து எடுத்த படம் ஒன்று கிடந்தது. அதே கோட்டு, அதே சாய்வு. அதிலிருந்து என்னை வெட்டினேன். மரியானோவின் மேல் என்னை வைத்துப் பார்த்தேன். வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் அந்தச் சின்னக் கை என் கையின் மேல் இருந்தது. கடையில் மிஞ்சியிருந்த மூன்று தகட்டில் ஒன்றை எடுத்து அதையும் படம் பிடித்துவிட்டேன். ஒரு பிரதி, எனக்கு மட்டும், டிரங்குப் பெட்டிக்கு. இரண்டு படமும் நூலில் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்தன. இருட்டறைக் கதவைத் தட்டி ராவுத்தர் கேட்டார்: "ஒரு மூஞ்சியை ஒட்ட இவ்வளவு நேரமா, தம்பி? குடும்பத்தையே புதுசா பண்றியா உள்ளே?"

உடைந்த மூக்குக்கண்ணாடி

மறுநாள் காலையில் நான் அரிசிப் பங்குக்கு வரிசையில் நின்றேன். கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்று எண்ணெய்க்காரர் கடைக்கு ஓடிவந்திருக்கிறார். ராவுத்தருக்குக் கண்ணில் புரை. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் எப்போதோ உடைந்துபோயிற்று, மாற்றுக் கண்ணாடி கிடைக்கிற காலமா அது? அவரே நூலிலிருந்து படத்தை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது நூலில் ஒரு படம்தான் இருந்தது. அதில் மரியானோ சிரித்துக்கொண்டிருந்தார். அரிசிப் பையோடு பாலம் வரை ஓடினேன். எண்ணெய்க்காரர் ஏறிய லாரி சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டிருந்தது. பாஸ் இல்லாமல் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து ராவுத்தரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்: "யா அல்லா! கோட்டைப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. நாற்காலியைப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல நம்ம கடையில மூஞ்சியை யாருடா பார்த்தா?"

அட்டை வராத நாட்கள்

மரியானோவிடம் சொல்லிவிடு என்று ராவுத்தர் தினமும் சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். இரண்டு மாதமாயிற்று, மூன்று மாதமாயிற்று. மணிலாவிலிருந்து அட்டை வரவில்லை. மரியானோ கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். வாசிக்க ஒன்றும் இல்லாததால் கிளாரினெட் துளைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. அந்த மாதங்களில் எனக்குப் பொறாமை அடியோடு இல்லை. பயம் இருந்தது, குற்ற உணர்ச்சி இருந்தது; ஆனால் அவரைப் பார்த்தால் தம்பியைப் பார்ப்பதுபோல் பிரியமாக இருந்தது. அவருக்கும் கடிதம் இல்லை, எனக்கும் இல்லை. கிழங்கு வேகவைத்தால் பாதியை அவருக்கு வைத்தேன். ஒரு மனிதனை நேசிக்க எனக்கு அவன் துக்கப்பட வேண்டியிருந்தது. அவரோ அந்தக் கிழங்கைப் பிட்டுக்கொண்டே, கண் கலங்கச் சொன்னார்: "உன் முன்னால உட்கார்ந்து எத்தனை அட்டை வாசிச்சிருக்கேன்! உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது. மன்னிச்சிடு, செல்லையா."

நாலாவது மாதம்

அட்டை வந்தது. மரியானோ உள்ளே வந்தபோதே முகம் சரியில்லை. என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து வாசித்தார்: "படத்தில் உன் இடத்தில் ஓர் இந்தியர் உட்கார்ந்திருக்கிறார். நீ இறந்துபோன செய்தியைச் சொல்ல வந்த படமோ என்று பயந்து பத்து நாள் நான் யாரிடமும் பேசவில்லை. லீத்தாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பப்பா என்று முத்தம் கொடுத்தாள். உயிரோடு இருந்தால் உன் கையால் எழுது."

நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமையைச் சொன்னேன், வள்ளியைச் சொன்னேன், தகடு திருடியதைச் சொன்னேன். இருட்டறையிலிருந்து அவருடைய படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவமானத்தில் குனிந்து நிற்கும்போதே எனக்குள் இன்னொன்று எட்டிப்பார்த்தது: எங்கோ ஒரு குழந்தை என் முகத்தைப் பார்த்து அப்பா என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை எவ்வளவு மிதித்தும் அது சாகவில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். மரியானோ என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவளுக்கு இத்தனை வருஷமா என் மூஞ்சியை அனுப்பிக்கிட்டு இருக்கேன். அவ கோட்டுக்கு முத்தம் கொடுத்திருக்கா, எனக்கில்ல," என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உன்னைப் பார்த்தா எனக்கு எப்படி எரியுது தெரியுமா? பாவி, உனக்கு ஒரே படத்துல கிடைச்சுதேடா!"

கிளிப் போடாத படம்

இரண்டு வாரம் அவர் வரவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டார் என்றே நினைத்தேன். பிறகு ஒரு காலை வந்து, என்னோடு பேசாமல், ராவுத்தரிடம் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். நல்லதாகத் தகடு ஒன்றுதான் மிச்சம். நான் பழக்க தோஷத்தில் கோட்டை எடுத்துக்கொண்டு போனேன். தள்ளிவிட்டார். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, பொத்தான் போன சட்டையோடு காமிரா முன் உட்கார்ந்தார். ராவுத்தர் எடுத்தார்.

நெகட்டிவ் என் மேஜைக்கு வந்தது. கை தானாகப் பென்சிலுக்குப் போனது. கன்னத்தில் கொஞ்சம், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் பூசினால் போதும், பழைய மனிதர் வந்துவிடுவார். மரியானோ பின்னால் வந்து நின்று பென்சிலை என் விரலிலிருந்து உருவினார். அன்று மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, ஈரம் காயும் வரை பார்த்து, தன் கையாலேயே படத்தை உறையில் போட்டுக்கொண்டார். எண்ணெய்க்காரர் அடுத்த முறை வந்தபோது அவரே துறைமுகம் வரை போய்க் கொடுத்துவிட்டும் வந்தார். உறையை ஒட்டும்போது என்னிடம் சொன்னதுதான் அந்த இரண்டு வாரத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு: "இதைப் பார்த்து அவ பயந்து அழுதாலும் பரவாயில்ல. என்னைப் பார்த்துல்ல அழுவா."

இறங்கிய பிறகு

அதற்குப் பதில் வந்து நான் பார்க்கவில்லை. அதன் பிறகு கப்பல்களே வரவில்லை. சண்டை முடிந்து, முதலில் கிடைத்த கப்பலில் மரியானோ போனார். மாதங்கள் கழித்து நானும் புறப்பட்டேன். அவர் போகும்போது கைகுலுக்கினோம். அதில் நட்பும் இருந்தது. கொஞ்சம் அழுத்தமும் இருந்தது.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தேன். சிவகாமி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. முன்பல் இரண்டு இல்லை, நெற்றியில் சாந்துப்பொட்டு கலைந்திருந்தது. நான் கை நீட்டினேன். முகம் மறைந்துவிட்டது. வீட்டுச் சுவரில் என் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஊரார் படத்தையெல்லாம் அனுப்பிவைத்த நான், சண்டைக்கு முன்னால் என் படத்தை அனுப்ப வேண்டும் என்று நினைக்கவே இல்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறேன் என்பது தெரியாமல், அடுப்படியில் வள்ளி தன் அம்மாவிடம் கேட்டாள்: "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க ஊருக்குப் போவாங்க?"

ஒரு வருஷம் மிட்டாயும் பொறுமையும் செலவழித்த பிறகு அவள் ஒருநாள் தானாகவே என்னை அப்பா என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டவர்களில் அவள் இரண்டாவது ஆள் என்பதை மட்டும் இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.